புஷ்பக்கில் பழகியவன், ஏரோங்கா சீஃப் வாங்க நினைக்கிறேன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கம். எனக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டிலும் பள்ளியிலும் தமிழ்தான். வேலை, விமானம் ஓட்டுவது. 737-இல் தொடங்கி ஏ320-க்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அடுத்த வருடம் 65 வயது முடிகிறது. ஏர்லைன் வேலை அதோடு சரி.

மகள் ஓஹாயோ மாநிலம் சின்சினாட்டியில் இருக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். வருடத்தில் பாதி அங்கே பேரக்குழந்தைகளோடு, பாதி இங்கே நெல்லும் தென்னையுமாக இருப்பதென்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். அங்கே இருக்கும் மாதங்களில் ஒரு பழைய சிறு விமானம் வைத்துப் பறக்க வேண்டும், அப்படி விமானம் வைத்திருப்பவர்களோடு ஒருவனாகச் சேர வேண்டும் என்பது என் ஆசை. எந்த விமானம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஏரோங்கா 11ஏசி சீஃப்.

காரணம் புஷ்பக். 1987-இல் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் நான் முதன்முதலாகத் தனியாகப் பறந்தது அதில்தான். எச்.ஏ.எல். செய்தது, டாக்டர் காட்கே தலைமையில் வடிவமைத்தது, முதலில் பறந்தது 1958-இல். இந்தப் பகுதிக்கு வரும் இளைஞர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்: மேல் இறக்கை, எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் துணி போர்த்து டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசிய உடம்பு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை. மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உள்ள சிறு சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும். சீஃப்பின் படத்தையும் புஷ்பக்கின் படத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், ஒரே குடும்பம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். சீஃப்பை வைத்துத்தான் புஷ்பக்கே செய்தார்கள்.

அந்த ஏரோங்கா கம்பெனி 1928-இல் தொடங்கியது சின்சினாட்டியில், லங்கன் விமான நிலையத்தில். 1937-இல் ஓஹாயோ ஆற்றில் வந்த பெருவெள்ளம் அந்த இடத்தையே மூழ்கடித்தது. பிறகு தொழிற்சாலையைப் பக்கத்தில் மிடில்டவுனுக்கு மாற்றினார்கள். சீஃப் வெளிவந்த காலத்தில் கம்பெனி அங்கேதான் இருந்தது. மகள் வீட்டிலிருந்து மிடில்டவுன் காரில் போய்வருகிற தூரம்தான். முதல் தடவை அங்கே போன அன்று அந்த ஓடுபாதையை வேலி ஓரமாக நின்று வெகுநேரம் பார்த்தேன். இந்த ஊர்க் கம்பெனி செய்ததன் தம்பியில்தான் நான் பறக்கக் கற்றேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை. இந்தக் கூட்டத்தில் சேர வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

ஏர்பஸ்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் குடும்பத்துக்குச் சோறு போட்டது அது. மழைக்காலத்தில் கோழிக்கோட்டு மேட்டு ஓடுபாதையில் இறங்கும்போது அதன் துல்லியத்தை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் வழியாக அல்லாமல் இறக்கையின் கனத்தை நேராகக் கையில் உணர்ந்து பல வருடம் ஆகிறது. வயதைப் பற்றி மனைவி கேட்கிறாள். ஜே.ஆர்.டி. டாட்டா 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிய தபால் பயணத்தை, 1982-இல் லெப்பர்ட் மோத் விமானத்தில் தனியாக மறுபடி பறந்து காட்டினார். அப்போது அவருக்கு 78. நான் கல்லூரியில் இருந்தேன். பேப்பரில் வந்த அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். துணியும் மரமும் கலந்த எழுபது எண்பது வயது விமானத்தை வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? வாங்கிவிட்டுப் பழைய விமானச் சங்கங்களில் சேருவதா, சேர்ந்துவிட்டு வாங்குவதா? அப்புறம் ஒன்று. அமெரிக்க விதியில், வால்சக்கர விமானத்தில் 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே பி.ஐ.சி. (விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்த) நேரம் பதிந்தவர்களுக்குத் தனி என்டார்ஸ்மென்ட் (பயிற்சியாளரின் ஒப்புதல் கையெழுத்து) தேவையில்லை என்று இருக்கிறது. என் லாக் புக்கில் 1987-இன் சோலோ நேரம் இருக்கிறது. அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளலாமா?

---

ஒலவக்கோடு ஏ.எம்.ஈ.:

கேப்டன் தம்பி, உங்கள் எழுத்தைப் படித்ததும் டோப் வாசனை மூக்கில் ஏறியது. நான் ஓய்வுபெற்ற மெயின்டனன்ஸ் என்ஜினியர். வயது 78. புஷ்பக்குகளுக்குத் துணி மாற்றியே என் இளமை போயிற்று. ஹேங்கர் பக்கத்து விஷயத்தை நான் சொல்கிறேன்.

முதலில் என்ஜின். புஷ்பக்கில் இருந்தது காண்டினென்டல் சி90-8எஃப், 90 குதிரைத்திறன். நீங்கள் சொல்லும் சீஃப்பில் அதே குடும்பத்து ஏ65-8, 65 குதிரைத்திறன். இரண்டிலும் இருக்கும் அந்த 8-ஐக் கவனியுங்கள். ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் வைக்க இடமில்லாத மாடல் அது. அங்கேயும் புரொப்பெல்லரைக் கையால்தான் சுற்ற வேண்டும். வாலைக் கயிற்றால் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, உள்ளே விஷயம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, அவர் சொல்வதை வெளியே சுற்றுகிறவர் திருப்பிச் சொல்லி, அப்புறம்தான் ‘காண்டாக்ட்’. ஸ்விட்ச் ஆஃப் என்று சொன்னாலும் மேக்னெட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) உயிரோடுதான் இருக்கிறது என்று நினைத்தே பிளேடைத் தொடுங்கள். மேக்னெட்டோவை எர்த் செய்யும் ஒயர் ஒன்று அறுந்தால் போதும், ஆஃப் என்பது ஆஃப் இல்லை. அதனால் என்ஜினை நிறுத்தும் முன் ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) ஸ்விட்சை ஒரு கணம் ஆஃபுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். என்ஜின் சாக வேண்டும். சாகவில்லை என்றால் அன்றைக்கு யாரும் அந்த புரொப்பெல்லர் பக்கம் போகக் கூடாது.

25 குதிரைத்திறன் குறைவு என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீஃப்பின் மொத்த எடையே 1,250 பவுண்டு, நம் கணக்கில் 567 கிலோ. கனமான இரண்டு பேர், நிறைந்த டேங்க், வெயில் நாள் என்றால் மரத்துக்கு மேலே ஏறுவது மெதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது கார்புரேட்டர் பனி. இந்தச் சின்ன காண்டினென்டல்களுக்கு அது பிறவி நோய். பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது, தொண்டைக் குழாயில் காற்று விரிந்தும் குளிர்கிறது. வெளியே 20, 25 டிகிரி இருந்தாலும் ஈரக் காற்றாக இருந்தால் உள்ளே பனி படிந்துவிடும். ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் எவ்வளவு ஈரம் என்று உங்களுக்கே தெரியும். ஓஹாயோ கோடையும் ஈரம்தான் என்று என் பையன் சொல்கிறான். ஆர்பிஎம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதுதான் முதல் அறிகுறி. த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடியை) இழுத்துவிடுங்கள். குறைத்த பிறகு இழுத்தால் கரைக்கச் சூடு போதாமல் போகலாம்.

இனி உடம்பு. துணி புதிதாகப் பளபளக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. இப்போது போடும் பாலியஸ்டர் துணி நன்றாகப் பூசி வைத்தால் வெகுகாலம் நிற்கும். துணி நன்றாக இருப்பதாலேயே உள்ளே யாரும் பார்க்காமல் விட்டிருப்பார்கள். சீஃப்பின் இறக்கைக்குள் ஓடுவது மர ஸ்பார் (இறக்கையின் முதுகெலும்பு போன்ற நீளச் சட்டம்), ஸ்ப்ரூஸ் மரம். அந்த மர ஸ்பார்களை விரிசலுக்குப் பரிசோதிக்கச் சொல்லி அமெரிக்க ஆணையே இருக்கிறது. அது நிறைவேற்றப்பட்ட பதிவு லாக் புக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிரட் (இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பி) வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்திலும், ரிப்பை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டத்தை) ஆணி அடித்த இடங்களிலும் நாருக்குக் குறுக்கே மயிர் போல ஒரு கோடு தெரிந்தால் அது நசுங்கல் விரிசல். நல்ல டார்ச்சும் கண்ணாடியும் கொண்டு இன்ஸ்பெக்‌ஷன் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு மத்தியானம் முழுக்க ஆகும். ஆகட்டும்.

எஃகுக் குழாயில் துரு பிடிப்பது வாலுக்குப் பக்கத்தில், கீழ்க் குழாய்களில். விமானம் வாலில் உட்கார்ந்திருப்பதால் உள்ளே புகும் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும். கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். அடிப்பக்கம் தண்ணீர் வடியும் துளைகள் பெயின்ட்டில் அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் மழையில் நாங்கள் ஒவ்வொரு வாரமும் அதைக் குத்தித் திறப்போம். இறக்கைக்குள் எலி கூடு கட்டியிருந்தால் அதன் மூத்திரம் உலோகத்தையும் அரிக்கும், மரத்தையும் கெடுக்கும். மூக்கை வைத்து மோந்தாலே தெரியும்.

இவ்வளவு வயதான வால்சக்கர விமானம் ஒரு தடவையாவது கிரவுண்ட் லூப் (தரையில் ஓடும்போது கட்டுமீறிச் சுழல்வது) அடித்திருக்கும். அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். என்ன உடைந்தது, யார் சரிசெய்தார், எந்தத் தேதி என்று எழுதியிருந்தால் வாங்கலாம். இறக்கை நுனியில் புதுத் துணி இருந்து, புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சங்கத்தில் சேருவது பற்றிக் கேட்டீர்கள். வாங்கும் முன்பே போங்கள். துணி போர்த்தும்போது ரிப் ஸ்டிச்சிங் என்று ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். மெழுகு நூலால் துணியை ஒவ்வொரு ரிப்போடும் சேர்த்துத் தைத்து முடிச்சுப் போடுவது. இறக்கையை நிமிர்த்தி வைத்து இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று ஊசியை மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். எந்த ஊரிலும் அந்த இரண்டாவது ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. கேப்டனின் நாலு தங்கப் பட்டையை வீட்டில் வைத்துவிட்டு, ‘நான் அந்தப் பக்கம் நிற்கிறேன்’ என்று சொல்லுங்கள். அரை நாளில் அந்த விமானத்தின் கதை, பக்கத்து ஹேங்கர் விமானத்தின் கதை, யார் விற்கப் போகிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். விளம்பரத்துக்கு வரும் விமானத்தைவிட இப்படிக் கிடைக்கும் விமானம் எப்போதும் மேல்.

---

நகரி பெண்:

கேப்டன் சார், எனக்கு ஆந்திராவில் நகரி. திருத்தணிக்கு அடுத்த ஊர். எங்கள் பக்கமும் வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு. இப்போது ஊருக்கு வந்திருக்கிறேன், வேலை டேட்டனில். அங்கே ஒரு சீஃப்பில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஏ.எம்.ஈ. ஐயா சொன்ன ரிப் ஸ்டிச்சிங் முற்றிலும் உண்மை. எனக்கு அந்தப் பங்கு கிடைத்ததே அப்படித்தான்.

1991 விதி நீங்கள் படித்தது சரி. சட்டப்படி உங்களுக்கு என்டார்ஸ்மென்ட் வேண்டாம். தயவுசெய்து அந்தச் சலுகையை எடுக்காதீர்கள். முழுப் பயிற்சியும் எடுங்கள்: நேர்க்காற்றிலும் குறுக்குக் காற்றிலும் ஏறி இறங்குவது, வீல் லேண்டிங் (வாலைத் தூக்கியபடி முன் சக்கரங்களில் இறங்குவது), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது). இன்ஷூரன்ஸ்காரர்கள் வால்சக்கர நேரம் எவ்வளவு, அதுவும் அண்மையில் எவ்வளவு என்று எப்படியும் கேட்பார்கள். ஆனால் நான் சொல்வது அதற்காக இல்லை.

வால்சக்கர விமானத்தில் எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மாட்டைப் பின்னால் கட்டி வண்டியைத் தள்ள விட்ட மாதிரி. நேராக இருக்கும்வரை சரி, கொஞ்சம் கோணினால் பின்னால் இருக்கும் எடை அந்தக் கோணலை இன்னும் பெரிதாக்கும். மூக்குச் சக்கர விமானத்தில் எடை முக்கியச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் அது தானே நேராகிவிடும். ஏ320-இல் ஏறிய பிறகும் இறங்கும் முன்பும் கால் சும்மா இருக்கும். திருப்பத்தை விமானமே சமன் செய்துகொள்கிறது. சீஃப்பில் இறக்கையைச் சாய்க்கும் ஏலரானைத் தொட்டாலே மூக்கு எதிர்ப்பக்கம் போகும், கால்தான் அதைக் கொண்டுவர வேண்டும். இறங்கிய பிறகும், நடை வேகத்துக்கு வந்த பிறகும், ஹேங்கர் வாசல்வரை கால் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஏர்லைனிலிருந்து வருகிறவர்களிடம் நான் பார்த்தது, தரையைத் தொட்டதும் கால் ஓய்ந்துவிடுகிறது. கிரவுண்ட் லூப் நடப்பது அந்த இடத்தில்.

இன்னொன்று கண். ஏர்பஸ்ஸில் சக்கரம் தரையைத் தொடும்போது உங்கள் கண் ஒரு மாடி உயரத்தில் இருக்கும். அந்தக் காட்சிக்குப் பழகிய கண், சீஃப்பிலும் அதே உயரத்தில் ஃப்ளேர் செய்யச் (தொடும் முன் மூக்கைத் தூக்கச்) சொல்லும். கேட்டால் நடுவானில் வேகம் இழந்து தொப்பென்று விழ வேண்டியதுதான். முதல் நாள் இறங்காமல் ஓடுபாதையில் வாலைத் தூக்கி ஓடி மட்டும் பழகுங்கள், பிறகு விமானத்துக்குள் வெறுமனே உட்கார்ந்து தரை எவ்வளவு கிட்டே தெரிகிறது என்று பாருங்கள். என் பயிற்சியாளர் அப்படித்தான் ஏர்லைன்காரர்களுக்குத் தொடங்குவார்.

காகித விஷயம். அமெரிக்கப் பதிவுள்ள விமானத்தை உங்கள் பெயரில் பதிய நீங்கள் அங்கே குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். மகள் பெயரில் பதிவது எளிது. உங்கள் இந்திய லைசென்ஸை வைத்து அங்கே பிரைவேட் பைலட் சான்றிதழ் வாங்கலாம், 61.75 விதி என்று சொல்வார்கள். அதற்கு முதலில் உங்கள் லைசென்ஸ் உண்மையானதா என்று அமெரிக்க விமானத்துறையின் ஓக்லஹோமா சிட்டி அலுவலகம் நம் விமானத்துறையான டிஜிசிஏவிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கடிதம் வர மாதங்கள் ஆகலாம். வேலையில் இருக்கும்போதே, லைசென்ஸ் நடப்பில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கையில் சான்றிதழ் வந்த பிறகும் ஒரு ஃப்ளைட் ரிவ்யூ (பயிற்சியாளரோடு ஒரு மறுபார்வை) முடிக்க வேண்டும். ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளை நீங்களே செய்து லாக் புக்கில் கையெழுத்துப் போடலாம். வருடாந்திரச் சோதனைக்கு ஐ.ஏ. அதிகாரம் (பரிசோதித்துச் சான்றளிக்கும் உரிமை) உள்ள மெக்கானிக் வேண்டும்.

சேருவதற்கு இ.ஏ.ஏ. (சிறு விமான ஆர்வலர் சங்கம்) இருக்கிறது, 1953-இல் தொடங்கியது, ஊருக்கு ஊர் கிளை. அதன் கீழேயே விண்டேஜ் விமானங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. சனிக்கிழமை காலை ஹேங்கரில் பான்கேக் சுடுவார்கள். உறுப்பினர் அட்டை இல்லாமலே உள்ளே போகலாம்.

---

களியக்காவிளை சிபிஎல் மாணவன்:

சார், ஒரு சின்னக் கேள்வி. இவ்வளவு ஆசை இருந்தால் ஒரு புஷ்பக்கையே தேடிப் பிடித்து இங்கேயே பறக்கலாமே? எங்கள் தலைமுறையும் பார்க்கும்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

தம்பி, நல்ல கேள்வி. நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். ஏவ்கேஸ் (சிறு விமானப் பெட்ரோல்) இங்கே சில விமான நிலையங்களில்தான் கிடைக்கிறது. அமெரிக்காவில் இந்தச் சின்ன என்ஜின்களுக்கு எத்தனால் கலக்காத கார் பெட்ரோலைப் போட அனுமதி வாங்கலாம். நம் பெட்ரோல் பங்கில் கிடைப்பது இ20, எத்தனால் 20 சதவீதம் கலந்தது. பங்கு போட்டு வைத்திருக்கும் நாலு பேர், துணி தைக்கத் தெரிந்த ஒரு கை, காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரு புல்வெளி ஓடுபாதை, இதெல்லாம் சேர்ந்தால்தான் பழைய விமானம் பறக்கும். இங்கே அதை உண்டாக்க என்னைவிட வயது குறைந்தவர்கள் வேண்டும். நம் விமானப்படை தன் விண்டேஜ் பிரிவில் ஒரு பழைய டைகர் மோத் விமானத்தைப் புதுப்பிக்க வைத்து 2012-இல் பறக்கவிட்டதே, அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அது போதும். நீ சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடித்ததும் ஏ.எம்.ஈ. ஐயா மாதிரி ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதி வை. அவர்கள் கையில் இருக்கும் வேலை எந்த மானுவலிலும் முழுதாக இல்லை.

ஏ.எம்.ஈ. ஐயா, ஒலவக்கோடு எனக்குப் பக்கம்தான். அடுத்த லீவில் நேரில் வருகிறேன். அந்த நசுங்கல் விரிசல் எப்படி இருக்கும் என்று ஒரு பழைய மரத்துண்டில் காட்டினால் போதும். மேக்னெட்டோ பற்றிச் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நகரி அம்மா, 1991 சலுகையை விட்டுவிட்டேன். முழுப் பயிற்சியும் எடுக்கிறேன். லைசென்ஸ் சரிபார்ப்புக்கான படிவத்தை இன்றைக்கே நிரப்பத் தொடங்கிவிட்டேன், மகளிடமும் பதிவு விஷயத்தைப் பேசியாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். என் உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. சீஃப்பில் தலை இடிக்குமா?

---

நகரி பெண்:

ஹெட்செட் போட்டால் கொஞ்சம் இடிக்கும் சார். இருக்கைத் தலையணையை மெல்லியதாக மாற்றிக்கொள்ளலாம், எங்கள் பங்குதாரர் ஒருவர் உங்கள் உயரம்தான், அப்படித்தான் ஓட்டுகிறார். மே மாதம் நான் டேட்டனில் இருப்பேன். மிடில்டவுன் வந்து முதலில் உட்கார்ந்து பாருங்கள், பேரக்குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். வரும்போது மெல்லிய அடி உள்ள ஷூ போட்டு வாருங்கள். இதில் பிரேக் குதிகாலில், தடித்த அடி இருந்தால் பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.